பச்சை நூல் கட்டிய வரிசை

வெள்ளரிக் கொடியில் முதலில் வருவது ஆண் பூதான். கொத்துக் கொத்தாக மஞ்சளாகப் பூத்து ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். பெண் பூ அதற்குப் பின்னால் தனியாக வரும். அதன் அடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு பிஞ்சு, பூ விரிவதற்கு முன்பே இருக்கும். அதை வைத்துத்தான் நாங்கள் அடையாளம் கண்டுகொள்வோம். சுங்குவார்சத்திரத்தில் பஸ் நின்றதும் ஜன்னலுக்குள் கைநீட்டி விற்கிறார்களே, அந்தப் பிஞ்சு எல்லாம் பெண் பூ கொடுத்தது. எந்தக் கொடியில் எது எத்தனை வரும் என்று பூக்கிறவரை சொல்ல முடியாது. அது செடியின் இஷ்டம் என்று நாற்பது வயதுவரை நினைத்திருந்தேன்.

1991ஆம் வருஷக் கோடையில் அந்த நினைப்பு மாறியது.

அப்போது சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பட்டணத்தில் குடியிருந்த ஒருவருடைய இரண்டு ஏக்கர் கிணற்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் பட்டணத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் தாவரப் பாடம் நடத்துகிறவர். முப்பது வயது இருக்கும். நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். அவருடைய வேலை அப்போது தற்காலிக வேலை. ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினால்தான் நிரந்தரம். அந்த ஆராய்ச்சிக்குப் பதிந்த காலம் அந்த டிசம்பரோடு முடிகிறது. முந்தின வருஷம் போட்ட செடியை வேலி தாண்டி வந்த ஆடுகள் தின்றுவிட்டன. அதனால் இந்தத் தடவை தவறினால் பட்டமும் இல்லை, வேலையும் நிலைக்காது என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். நான் அதிகம் பேசாதவன் என்பதும் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். செடியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய மாட்டேன் அல்லவா.

பெரிய பாலிதீன் பைகளில் மண் நிரப்பி மூன்று வரிசை வைத்தோம். வரிசைக்கு முப்பது பை. முதல் வரிசைக்கு வெள்ளை நூல், அதற்கு வெறும் தண்ணீர். அடுத்தது பச்சை நூல், அதற்குப் பச்சைச் சீட்டு ஒட்டிய புட்டி. கடைசி வரிசைக்குச் சிவப்பு நூல், சிவப்புச் சீட்டுப் புட்டி. செடி இரண்டு இலை விட்டதும் பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரால் குருத்தின் மேல் சொட்டுவிட வேண்டும். நாலு இலை விட்டதும் இன்னொரு முறை. அந்த முப்பது போக வரிசைக்கு ஐந்து பை தனியாக இருந்தது, அது வேரை அளப்பதற்கு. அதுபோக, விதை மிச்சமிருந்ததால் நானாக இருபது பை போட்டு ஓரமாக வைத்திருந்தேன். எதை விதைத்தாலும் செத்த இடத்தில் நடுவதற்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவைப்பது எங்கள் பழக்கம். டீச்சரும் அதைப் பார்த்தார்.

ஒவ்வொரு செடிக்கும் ஊன்றின குச்சியில் அவரே நூல் கட்டினார். பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைக்கு ரிப்பன் கட்டுவதுபோல இரண்டு காது வைத்த முடிச்சு. செடிக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை சனிக்கிழமை வருவார். தண்ணீர் பாயும்போது வரப்பில் உட்கார்ந்து சொல்லுவார். மனிதர் உடம்பில் ஹார்மோன் இருப்பதுபோல செடிக்கும் இருக்கிறது. வேர் எவ்வளவு நீள வேண்டும், தண்டு எவ்வளவு உயர வேண்டும், பூ ஆணா பெண்ணா என்பதையெல்லாம் துளித் துளியாக அதுதான் சொல்கிறது என்றார். புட்டிகளில் ஒன்றில் இருப்பது செடிக்குள் போனதும் காயைப் பழுக்க வைக்கிற வாயுவைக் கொடுக்குமாம். இன்னொன்று, நெற்பயிரைக் கிறுக்குப் பிடித்தாற்போல் உயர வைக்கும் ஒரு பூஞ்சணத்தில் கண்டுபிடித்ததாம். ஒன்று பெண் பூவைக் கூட்டும், மற்றது ஆண் பூவைக் கூட்டும். எந்தப் புட்டி எது என்று மட்டும் சொல்லவில்லை.

"முன்னாடியே சொல்லிட்டா உங்க கண்ணு அதைத்தான்ணா தேடும். எனக்கு உங்க கண்ணு சும்மா பார்க்கறது வேணும்" என்றார்.

இதையெல்லாம் வெளிநாட்டில் முதலில் நன்றாகப் பார்த்த செடிகளில் ஒன்று கஞ்சாவாம். அதில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. நாற்றாக இருக்கும்போதே வேரை வெட்டி வேர் விடாமல் வளர்த்தால் பெரும்பாலும் ஆணாகப் போய்விட்டதாம். வெட்டின செடிக்கு, வேரில் ஊறுகிற ஹார்மோனைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் பெரும்பாலும் பெண்ணாக வந்ததாம். அந்தச் செடியை இங்கே வைத்தால் இரண்டு பேரும் உள்ளே போக வேண்டியதுதான், அதனால்தான் வெள்ளரி என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்ணுக்குள் இருட்டில் கிடக்கிற வேர், தான் ஒரு நாளும் பார்க்கப்போகாத பூவைப் பற்றி முடிவு சொல்கிறது என்பதையே நாலைந்து நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"செடி பொட்டையாவறதுக்கு மருந்து கீதுன்றியே, ஆம்பளை வாயத் தொறக்கறதுக்கு எதுனா மருந்து கீதா? டீச்சரக் கேட்டு ரெண்டு சொட்டு வாங்கியா."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. கடையில் குறைத்து நிறுத்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிறவன் நான்.

முதல் சொட்டு டீச்சர் கையால் விட்டார். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி நான் எழுத ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு பல நாள் பஸ் ஒழுங்காக ஓடவில்லை. ரோட்டில் சைக்கிளில் போகிறவனைக்கூட நிறுத்தி யார், எங்கே என்று கேட்டார்கள். டீச்சர் வரவில்லை. ஒரு சனிக்கிழமை இல்லை, வரிசையாக நாலு சனிக்கிழமை. டீச்சர் எழுதிவைத்திருந்த சீட்டைப் பார்த்து இரண்டாவது சொட்டை நானே விட்டேன். ஒரு புட்டியின் ஃபில்லரை இன்னொன்றில் விடாமல், நூலைப் பார்த்து, தப்பில்லாமல் விட்டேன்.

ஒரு வாரத்தில் பச்சை வரிசை கெட்டது. வெள்ளை நூல் செடி ஒரு முழம் போயிருந்தது, சிவப்பு அதைவிட மேலே போயிருந்தது. பச்சை நூல் செடிகள் குந்திக்கொண்டிருந்தன. இலை சுருண்டு வெளிறி இருந்தது. அதில் பாதி ரொம்ப மோசம். வேர் அளக்கிற நாள் வந்தபோது தனியாக வைத்த ஐந்தைந்து பையைக் கிழித்து மண்ணைக் கழுவிப் பார்த்தேன். வெள்ளை வரிசை வேர் ஒரு சாணுக்கு மேல் இருந்தது. பச்சையில் நாலு விரல்கூட இல்லை. கட்டையாக, தடித்து, மேலெல்லாம் மயிர்போல் இருந்தது. மருந்தை அதிகம் விட்டுவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

அவசரம் என்றால் பேசச் சொல்லி, அவருடைய பக்கத்து வீட்டு போன் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு சுங்குவார்சத்திரம் போன் பூத்துக்குப் போனேன். அதுவரை போனில் நான் பேசியதில்லை. ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது.

"யாருக்கு?"

"டீச்சருக்குங்க."

"இன்னா விஷயம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செடி வளரவில்லை, அது ஆணா பெண்ணா ஆகவேண்டிய செடி, மருந்து சொட்டு விட்டோம் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? ஒன்றும் இல்லைங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சீட்டு வியர்வையில் நனைந்து நம்பர் கலைந்திருந்தது.

மறுநாள் காலையில் என் கைக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். வளராமல் நிற்கிற செடியை நாங்கள் சவலை என்போம். சவலையை வைத்துத் தண்ணீர் இறைப்பது வீண், கண்ட அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்பது நான் வளர்ந்த விதம். பச்சை வரிசையில் ரொம்பச் சவலையாக இருந்த பதினாலு பையை எடுத்தேன். ஓரத்தில் நான் கூடுதலாகப் போட்டு வைத்திருந்த பைகளிலிருந்து, அதே நாளில் முளைத்த நல்ல செடிகள் பதினாலைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தேன். பச்சை நூலும் கட்டினேன். எனக்கு ரிப்பன் முடிச்சு வராது. கீரைக் கட்டுக்குப் போடுவதுபோல் இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகினேன். எடுத்த பைகளை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் சுவரோரம் போட்டேன். மண்ணும் பையும் பிறகு உதவும் என்று உடனே கொட்டவில்லை. நோட்டில் அன்றைய உயரத்தை மட்டும் எழுதினேன்.

வரிசை திரும்ப அழகாக ஆனது. அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. டீச்சர் வந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

ஆனி பிறந்த வாரம், ஒரு வியாழக்கிழமை, மோட்டாரின் குழாய் இணைப்பில் ஒழுகுகிறதே என்று கொட்டகைக்குப் பின்னால் போனேன். ஒழுகின தண்ணீர் சுவரோரமாக ஓடி அந்தப் பைகளை நனைத்துக்கொண்டிருந்தது. ஐந்து செடி செத்துப்போயிருந்தது. ஒன்பது உயிரோடு இருந்தது. குட்டையாக இருந்தாலும் இலை பச்சை பிடித்து, தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். தரையிலிருந்து நாலாவது கணுவில் ஒரு மொட்டு, அதற்கு அடியில் பிஞ்சு. ஐந்தாவது கணுவிலும் பிஞ்சு. அடுத்த செடியிலும் அப்படியே. கொத்துப் பூ ஒன்றுகூட இல்லை.

வரிசைக்கு ஓடினேன். நான் மாற்றி வைத்த, மருந்தே படாத பதினாலிலும் கொத்துக் கொத்தாக ஆண் பூ மொட்டு. ரிப்பன் முடிச்சு போட்ட பதினாறில் அதுவும் இதுவும் கலந்து இருந்தது.

எது எந்தப் புட்டி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சவலையாக நின்றது நோயால் இல்லை. மருந்து வேலை செய்தது, அவ்வளவுதான். மேலே போகவேண்டியதை நிறுத்தி, வேரையும் சுருக்கி, உள்ளே வேறு ஏதோ முடிவாகிக்கொண்டிருந்தது. என்னையும் சின்ன வயதில் சவலைப்பிள்ளை என்றுதான் சொன்னார்கள். அதை நினைத்தபோது அந்தப் பைகளுக்கு எதிரில் நிற்கவே கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஒரே யோசனை. அந்த ஒன்பதையும் தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நூல் இருக்கிறது, குச்சி இருக்கிறது. பேச வேண்டியதே இல்லை. சாயங்காலம் போய் ஒரு பையைத் தூக்கினேன். வரவில்லை. வேர் பையின் ஓட்டை வழியாக வெளியே வந்து ஈர மண்ணில் இறங்கியிருந்தது. நாலு விரல்கூட இல்லாமல் இருந்த வேர்தான் அது. இழுத்தால் அறுந்துவிடும், காலைக்குள் செடி துவண்டுவிடும். பையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று அப்போதும் நான் முடிவெடுக்கவில்லை. ஒளிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை டீச்சர் வந்தார். தோள்பையை வரப்பிலேயே போட்டுவிட்டு நேராகப் பச்சை வரிசைக்குப் போனார். ஒவ்வொரு கொடியாகத் தூக்கிப் பார்த்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே கடைசிவரை போனார். திரும்ப முதலிலிருந்து எண்ணினார். பிறகு கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தார். கொட்டகைச் சூட்டில் மருந்து கெட்டுப்போயிருக்கும், தன் தப்புதான், புட்டியைப் பானைத் தண்ணீருக்குள் வைக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, "சரிண்ணா, விடுங்க. ரிசல்ட் வரலைன்னு எழுதிக் குடுத்துடறேன். இது எனக்கு ஆவல" என்றார்.

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டுகிறார். பத்தரை பஸ்ஸுக்குப் போய்விடுவார். போய்விட்டால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

"மருந்து கெட்டுப்போவல டீச்சர். நான்தான் செடிய மாத்தி வெச்சிட்டேன்."

அவர் பையை இறக்கவில்லை. என்னையே பார்த்தார். எத்தனை என்று கேட்டார். பதினாலு என்றேன். எதெது என்று தெரியுமா என்றார். கீரை முடிச்சு போட்டது எல்லாம் என்று வரிசையைக் காட்டினேன். ஒரு குச்சியில் இருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். சேற்றில் புடவை நனைவதைப் பார்க்காமல் குந்தி உட்கார்ந்து ஒன்பது செடியையும் புரட்டினார்.

"மருந்து நல்லா புடிச்ச செடிங்க இதுங்கதான்ணா. தேடித் தேடி அதையே எடுத்திருக்கீங்க."

"சவலையா இருந்துச்சு டீச்சர்."

"சவலையாத்தான் இருக்கும். அதை உங்ககிட்ட சொல்லாம மறைச்சது நான்."

அந்த ஒன்பதைக் கணக்கில் சேர்க்கலாமே என்று கேட்டேன். நிழலில் கிடந்தது, தண்ணீர் வேறு, கூடாது என்றார். மிச்சமிருந்த பதினாறும் உதவாதாம். நான் பொறுக்கி எடுத்தது போக நின்றவை, மருந்து அரைகுறையாகப் பிடித்தவை. அதை எண்ணினால் பொய்யான கணக்கு வரும் என்று விளக்கினார். மருந்து வேலை செய்கிறது என்று இப்போது நம் இரண்டு பேருக்கும் தெரியும், ஆனால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

ஒரு முறை பேசிவிட்டால் அடுத்தது அவ்வளவு கஷ்டமாக இல்லை. நாற்பத்தைந்து நாள்தானே, இன்னொரு தடவை போடலாம், ஆடியில் விதைத்தால் பெருமழைக்கு முன்னால் பூவை எண்ணிவிடலாம் என்றேன். விதையும் மருந்தும் மிச்சம் இருந்தது. அவர் விரல் விட்டு மாதத்தை எண்ணினார். பத்தரை பஸ் போய்விட்டிருந்தது.

பிறகு நோட்டை எடுத்துவரச் சொன்னார். நடந்ததை அதே தேதிக்கு எதிரில் எழுத வேண்டும் என்றார். அவரே எழுதுவார் என்று நினைத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"செஞ்சது நீங்க, எழுதறதும் நீங்கதான். எனக்கு ஏத்த மாதிரி எழுதாதீங்க, நடந்தது நடந்த மாதிரி எழுதுங்க."

பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் எழுதியதெல்லாம் எண்ணும் கையெழுத்தும்தான். அன்று கல்லில் உட்கார்ந்து இப்படி எழுதினேன்: 'பச்சை வரிசையில் பதினாலு செடியை சவலை என்று நினைத்து நானாக எடுத்துவிட்டேன். டீச்சரைக் கேட்கவில்லை. கேட்க போன் பூத்து வரைக்கும் போய் திரும்பி வந்துவிட்டேன்.' கடைசி வரி தேவையில்லை என்று அவர் சொல்லுவார் என எதிர்பார்த்தேன். படித்துவிட்டு நோட்டை மூடினார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "அப்ப மருந்து கெடைச்சிடுச்சின்னு சொல்லு" என்றாள்.

ஆடி முதல் வாரம் திரும்ப விதைத்தோம். பை, நூல், சொட்டு எல்லாம் முன்போலவே. இந்தத் தடவை கூடுதல் நாற்று நான் போடவில்லை. என் கையை எனக்குத் தெரியும். இரண்டாவது சொட்டு விட்டு ஒரு வாரத்தில் பச்சை வரிசை குந்த ஆரம்பித்தது. இலை சுருண்டது. சாகப்போகிற செடி மாதிரியே இருந்தது. இது இப்படித்தான் என்று தெரிந்திருந்தும் தினமும் அந்த வரிசையைத் தாண்டும்போது கை நமநமத்தது. புதன்கிழமை டீச்சர் திரும்ப எழுதிக் கொடுத்த நம்பரையும் சில்லறையையும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பூத்துக்குப் போனேன். ஸ்டூலும் போலீஸ்காரரும் இப்போது இல்லை. ஆனால் பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போய் டீச்சரைக் கூட்டிவரும்வரை காதில் வைத்தபடி நின்றேன்.

"டீச்சர், நான்தான். பச்சை சவலையா கீது."

என் சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது. பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"எத்தனைண்ணா?"

"எல்லாமே டீச்சர்."

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது. "அப்படியே விடுங்க. ஒண்ணையும் தொடாதீங்க" என்றார்.

தொடவில்லை. ஆவணியில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் எண்ணினோம். அவர் கணுவைத் தொட்டுச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வெள்ளையில் பிஞ்சு மேலே எங்கோ ஒன்றிரண்டு. சிவப்பில் அதுவும் அரிது. பச்சையில் தரையிலிருந்தே பிஞ்சு, பிஞ்சு, பிஞ்சு என்று எழுதி என் கை வலித்தது. கார்த்திகையில் அவர் ஆராய்ச்சியைக் கொடுத்தார். பட்டம் கிடைத்து, அடுத்த வருஷம் வேலையும் நிரந்தரமானது. இரண்டு தடவை விதைத்ததையும் அதில் போட்டிருக்கிறார், நான் எழுதிய மூன்று வரியும் இங்கிலீஷில் பின்னால் இருக்கிறது என்று சொன்னார். அந்த நிலம் பிறகு கை மாறிவிட்டது. நான் இப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் தோட்ட வேலை பார்க்கிறேன்.

அன்று எண்ணி முடித்ததும் டீச்சர் தன் பையைக் கட்டக் கிணற்றடிக்குப் போனார். நான் மட்டும் பச்சை வரிசையில் முதல் குச்சியிலிருந்து கடைசிக் குச்சிவரை இன்னொரு முறை நடந்தேன். முப்பதிலும் ரிப்பன் முடிச்சுதான் இருந்தது.